தறிக் குடோனுக்குப் போகும் லினக்ஸ் டிரைவர்: இன்டரப்ட் டிரிகர் வகையைச் சரியாகப் பொருத்துவது எப்படி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் தறி, நிட்டிங் மிஷின், பம்ப் டெஸ்ட் பெஞ்ச் என்று எதிலாவது ஒரு சின்ன லினக்ஸ் போர்டை மாட்டி டேட்டா எடுத்துத் தரும் வேலை இப்போது நிறைய வருகிறது. அதற்காக முதல் கெர்னல் டிரைவரை எழுத உட்காருகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. டிரைவரில் மற்றதெல்லாம் எப்படியோ ஓடிவிடும். இன்டரப்ட் (வெளியிலிருந்து சிக்னல் வந்ததும் ப்ராசஸரைக் கூப்பிடுவது) எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்லும் டிரிகர் வகை மட்டும், தப்பாகப் போட்டாலும் மேசையில் ஒழுங்காக ஓடி, குடோனில் கொண்டுபோய் வைத்த பிறகு நின்றுபோகும். நான் இதில் பட்ட பாடு போதும், உங்களுக்கு வேண்டாம்.

உதாரணத்துக்கு சோமனூர் பக்கத்து விசைத்தறிக் குடோன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ராஸ்ப்பெர்ரி பை போர்டு ஒன்று. அதற்குள் இரண்டு விதமான சிக்னல் வருகிறது. ஒன்று, தறியின் கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒரு பிக் (ஒரு ஊடை நூல்). அதை எண்ண ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சார். இன்னொன்று, நூல் அறுந்தது, தறி நின்றது போன்ற நிலைகள். இவை பல தறிகளிலிருந்து வருவதால் எம்சிபி23017 என்ற 16 பின் எக்ஸ்பாண்டர் சிப் வழியாக ஐ2சி கம்பியில் வந்து, ஒரே ஒரு இன்டரப்ட் பின்னாகச் சேர்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் டிரைவரே எழுத வேண்டாம். கெர்னலின் கவுன்டர் பகுதியில் இன்டரப்டை எண்ணுவதற்கென்றே ஒரு டிரைவர் இருக்கிறது. எம்சிபி23017-க்கும் இருக்கிறது. இருப்பதைத் திரும்ப எழுதுவது வெட்டிவேலை. உங்கள் சிப்புக்கு ஒன்றுமே இல்லை, அல்லது கற்றுக்கொள்ள எழுதுகிறேன் என்றால் மேலே படியுங்கள். இருக்கும் டிரைவரைப் பயன்படுத்தினாலும் 2, 3, 4-ஆம் படிகள் உங்களுக்கும் தேவைப்படும்.

செயற்கூறுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அவற்றை ஆங்கிலத்தில் எழுதி, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டுக் கெர்னல் மூலக்கோடில் தேடினால் கிடைத்துவிடும்.

1. கையில் இருக்க வேண்டியவை, செலவு, நேரம்

காகிதங்கள் முதலில். சிப்பின் டேட்டாஷீட், போர்டின் ஸ்கீமேட்டிக், போர்டில் உள்ள ப்ராசஸரின் பெரிஃபெரல் மேனுவல் மூன்றும் இல்லாமல் உட்காராதீர்கள். மாட்யூல் விற்கிற கடைக்காரர் தரும் ஒரு பக்கத் தாளை டேட்டாஷீட் என்று நம்ப வேண்டாம். சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து பிடிஎஃபை எடுங்கள். கெர்னல் மூலத்தோடு வரும் டாக்குமென்டேஷன் ஃபோல்டரில் ஜெனரிக் ஐஆர்க்யூ (ஐஆர்க்யூ என்றால் இன்டரப்ட்தான்) பற்றிய பக்கத்தையும், டிவைஸ் ட்ரீ (போர்டில் எது எங்கே மாட்டியிருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) பைண்டிங் பகுதியில் உங்கள் இன்டரப்ட் கன்ட்ரோலருக்கு உரிய கோப்பையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இலவசம்.

காசு கொடுத்து வாங்க வேண்டியதில் முக்கியமானது 8 சேனல் யுஎஸ்பி லாஜிக் அனலைசர். 24 மெகாஹெர்ட்ஸ் சாதா வகை ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், அதுவே தாராளம். இது இல்லாமல் டிரிகர் பிரச்சினையைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுகிற வேலை. ப்ராக்ஸிமிட்டி சென்சார் சில நூறு ரூபாய். பிசி817 ஆப்டோகப்ளர் சில ரூபாய்தான். பத்துப் பதினைந்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் இரண்டு புகையும். காந்திபுரம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இவை எல்லாமே கிடைக்கும்.

நேரம்: முழுக் கெர்னலையும் பை போர்டிலேயே கம்பைல் செய்யப் போனால் மணிக்கணக்கில் ஓடும். தேவையில்லை. உங்கள் கெர்னலுக்குப் பொருந்தும் ஹெடர் பேக்கேஜை நிறுவி, டிரைவரைத் தனி மாட்யூலாகக் கட்டினால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் கெர்னல் அப்டேட் ஆன மறுகணம் அந்த மாட்யூல் ஏறாது. குடோனில் வைக்கும் போர்டில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவிடுங்கள், அல்லது டிகேஎம்எஸ் மூலம் தானாகத் திரும்பக் கட்டிக்கொள்ள வழி செய்யுங்கள்.

2. கம்பியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

டிரைவர் கோடைத் திறக்காதீர்கள். கம்பியை முதலில் பாருங்கள்.

சென்சார் 24 வோல்ட், போர்டின் பின் 3.3 வோல்ட். நேராகக் கொடுத்தால் போர்டு போய்விடும், அதனால் நடுவில் ஆப்டோகப்ளர். என்பிஎன் சென்சார் என்றால் 24 வோல்ட்டிலிருந்து 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆப்டோவின் எல்இடிக்குள் போய், எல்இடியின் மறுமுனை சென்சாரின் கறுப்பு வயருக்குப் போகும். ஏறத்தாழ 7 மில்லி ஆம்பியர் ஓடும், போதும். மறுபக்கத்தில் டிரான்சிஸ்டரின் கலெக்டர் போர்டின் பின்னுக்கு, அங்கே 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் புல்-அப். எமிட்டர் கிரவுண்டுக்கு.

இப்படி மாட்டினால் கிராங்க்கில் உள்ள இரும்புத் துண்டு சென்சார் முன் வரும்போது பின் கீழே இறங்கும். அதாவது சென்சார் 'ஆன்', பின் 'லோ'. இந்தத் தலைகீழ் மாற்றத்தைத் தாளில் எழுதி வையுங்கள். டிரைவரில் ரைசிங்கா (ஏற்றம்) ஃபாலிங்கா (இறக்கம்) என்று குழம்புகிற பலருக்கும் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அனலைசரில் தெரியாத ஒரு விஷயத்தை, ஆசிலோஸ்கோப் யாரிடமாவது இருந்தால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பின் கீழே இறங்குவது சட்டென்று நடக்கும், ஏனென்றால் டிரான்சிஸ்டர் இழுக்கிறது. மேலே ஏறுவது மெதுவாக, சாய்வாக நடக்கும், ஏனென்றால் அங்கே ரெசிஸ்டர் மட்டும்தான் தூக்குகிறது. பக்கத்துத் தறி மோட்டார் ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் அந்தச் சாய்வில் இரைச்சல் ஏறினால், ஒரே ஏற்றம் நாலைந்து எட்ஜாகக் (நிலை மாறும் கணங்களாகக்) கணக்காகும். ஆகவே எந்தப் பக்கம் கூர்மையாக இருக்கிறதோ அதைப் பிடியுங்கள். இங்கே அது ஃபாலிங் எட்ஜ். இரண்டு எட்ஜையும் கேட்டு வாங்கி டிரைவரில் வடிகட்டலாம் என்று நினைக்க வேண்டாம். இரைச்சலுக்கு வாசல் திறந்து விடுவதுதான் அது.

3. எட்ஜா, லெவலா

எட்ஜ் என்பது காலிங் பெல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவது. லெவல் என்பது கதவைத் திறக்கும்வரை பெல்லிலிருந்து கையை எடுக்காமல் நிற்பது. டேட்டாஷீட்டைத் திறந்து, பின் தானாகவே பழைய நிலைக்குத் திரும்புகிறதா, அல்லது நாம் போய் எதையாவது படித்தால்தான் திரும்புமா என்று தேடுங்கள்.

பிக் சென்சார் தானாகத் திரும்பும். இரும்புத் துண்டு நகர்ந்ததும் பின் மேலே போய்விடும். இதற்கு லெவல் வைத்தால் என்ன ஆகும்? துண்டு சென்சார் முன் இருக்கும்வரை ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் நம் செயற்கூறு) திரும்பத் திரும்ப ஓடும். தறி சரியாக அந்த இடத்தில் நின்றுவிட்டால் போர்டின் ஒரு சிபியூ முழுவதும் அதிலேயே போய்விடும். ஆகவே எட்ஜ்.

எம்சிபி23017 வேறு ஜாதி. ஏதோ ஒரு உள்ளீடு மாறியதும் அதன் இன்ட் பின் இறங்கும்; ஜிபிஐஓ ரிஜிஸ்டரையோ (பின்களின் இப்போதைய நிலை) இன்ட்கேப் ரிஜிஸ்டரையோ (இன்டரப்ட் வந்த நேரத்து நிலை) படிக்கும்வரை இறங்கியே இருக்கும். இதற்கு லெவல் லோதான் சரி. இணையத்தில் பார்க்கும் உதாரணங்கள் பாதிக்கு மேல் ஃபாலிங் எட்ஜ் என்று போட்டிருக்கும். மேசையில் ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தால் அதுவும் வேலை செய்யும். சிக்கல் எப்போது வரும் என்றால், முதல் நிகழ்வுக்காக நீங்கள் ரிஜிஸ்டரைப் படித்து முடிக்கிற நேரத்தில் இன்னொரு தறியில் நூல் அறுந்து, பின் மேலே வந்த சுவடே தெரியாமல் மறுபடி இறங்கியே இருந்தால். பின் கீழே கிடக்கிறது; புதிதாக இறங்க இடமில்லை; புது எட்ஜ் இல்லை; இன்டரப்டும் இல்லை. அதோடு அந்த டிரைவர் ஊமையாகிவிடும். கெர்னல் லாகில் ஒரு வரிகூட வராது.

எட்ஜ் மட்டுமே தெரிந்த கன்ட்ரோலரில் மாட்டிக்கொண்டால் ஒரு வழி உண்டு: ஹேண்ட்லருக்குள் ஸ்டேட்டஸைப் படித்து, கவனித்து, மறுபடி படித்து, பூஜ்யம் வரும்வரை சுற்றுங்கள். வேலை நடக்கும். ஆனால் கன்ட்ரோலர் லெவலைத் தாங்குமென்றால் லெவலையே கேளுங்கள்.

கன்ட்ரோலர் எதைத் தாங்கும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பை போர்டின் ஜிபிஐஓ பின்கள் ஏற்றம், இறக்கம், ஹை, லோ எல்லாவற்றையும் தாங்கும். ஆர்ம் சிப்களின் பிரதான ஜிஐசி கன்ட்ரோலரில் நேராக வரும் எஸ்பிஐ வகை (ஷேர்ட் பெரிஃபெரல் இன்டரப்ட்; அதே பெயருள்ள சீரியல் பஸ் அல்ல) இன்டரப்டுகளுக்கு ரைசிங் எட்ஜும் லெவல் ஹையும் மட்டும்தான். அங்கே லெவல் லோ கேட்டால் கெர்னல் மைனஸ் 22 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும், லாகில் 'செட்டிங் டிரிகர் மோட்... ஃபெயில்ட்' என்று வரும். அப்போது இன்வெர்ட்டர் கேட் ஒன்று போட வேண்டும், அல்லது சிப்பின் போலாரிட்டியை மாற்ற வேண்டும். எம்சிபி23017-இல் அதற்கு இன்ட்போல் என்ற பிட் இருக்கிறது.

4. டிவைஸ் ட்ரீயில் எழுதுங்கள், டிரைவரில் எழுதாதீர்கள்

டிரிகர் வகை போர்டு ஒயரிங்கைப் பொறுத்தது. நடுவில் ஆப்டோ போட்டால் மாறும், எடுத்தால் மாறும். ஆகவே அது இருக்க வேண்டிய இடம் டிவைஸ் ட்ரீ. டிரைவருக்குள் ஃபாலிங் என்று அடித்து வைத்தால், டிவைஸ் ட்ரீயில் என்ன எழுதினாலும் டிரைவர் சொல்வதுதான் செல்லும். நாளை ஒயரிங் மாறும்போது ஃபிட்டர் போன் செய்வார், நீங்கள் கோடைத் திறக்க வேண்டிவரும்.

எண்கள் இவை: ரைசிங் 1, ஃபாலிங் 2, இரண்டும் 3, லெவல் ஹை 4, லெவல் லோ 8. டிவைஸ் ட்ரீயின் இன்டரப்ட்ஸ் வரியில் பை போர்டின் ஜிபிஐஓவுக்கு இரண்டு செல் (இரண்டு எண்கள்): பின் எண், டிரிகர். பிக் சென்சார் 17-ஆம் பின்னில் என்றால் 17, 2. எக்ஸ்பாண்டர் 27-ஆம் பின்னில் என்றால் 27, 8. ஜிஐசிக்கு மூன்று செல்: வகை, எண், டிரிகர். அந்த எண்ணில் எஸ்பிஐ என்றால் மேனுவலில் உள்ளதிலிருந்து 32-ஐக் கழித்து எழுத வேண்டும். வேறொரு போர்டின் கோப்பிலிருந்து வரியை அப்படியே ஒட்டினால் செல் கணக்கு இடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, ரொம்ப நாசூக்கானது. ஜிபிஐஓ பின்களுக்கு 'ஆக்டிவ் லோ' என்று ஒரு கொடி உண்டு. அதன் மதிப்பு 1. அதை இன்டரப்ட்ஸ் வரியில் போட்டுவிட்டால் டிவைஸ் ட்ரீ கம்பைலர் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் அதற்கு எல்லாம் வெறும் எண்தான். கெர்னல் அதை ரைசிங் எட்ஜ் என்று படிக்கும். 'லோ' என்று எழுதி 'ஏற்றம்' வாங்கிக்கொண்டு வருவீர்கள். 'ஆக்டிவ் ஹை' இன்னும் மோசம்: மதிப்பு 0, அதாவது டிரிகரே இல்லை. இன்டரப்ட்ஸ் வரியில் ஐஆர்க்யூ டைப் என்று தொடங்கும் பெயர்கள் மட்டுமே வர வேண்டும்.

ஓவர்லேயை (டிவைஸ் ட்ரீயோடு பிறகு சேர்க்கும் துண்டை) தனியாகக் கட்டும்போது, அந்தப் பெயர்களைத் தரும் ஹெடர் கோப்பை டிடிசி கம்பைலர் தானாகச் சேர்க்காது. முதலில் சி ப்ரீப்ராசஸரில் ஓட்டிவிட்டுப் பிறகு டிடிசிக்குக் கொடுங்கள். அவசரம் என்றால் எண்ணையே எழுதி, பக்கத்தில் கமென்ட் போடுங்கள்.

5. டிரைவரில் என்ன கேட்பது

இன்டரப்ட் எண்ணை நீங்களே அடித்து வைக்கக் கூடாது. ஜிபிஐஓ எண் வேறு, லினக்ஸ் ஐஆர்க்யூ எண் வேறு. பிளாட்ஃபார்ம் டிரைவர் என்றால் பிளாட்ஃபார்ம் கெட் ஐஆர்க்யூ. ஐ2சி டிரைவர் என்றால் கிளையன்ட் அமைப்பிலேயே எண் வந்திருக்கும். எதிர்மறை எண் வந்தால் அதை அப்படியே திருப்பி அனுப்புங்கள். மைனஸ் 517 என்று வந்தால் பதறாதீர்கள். கன்ட்ரோலர் டிரைவர் இன்னும் ஏறவில்லை, கெர்னல் பிறகு மறுபடி அழைக்கும்.

அப்புறம் டெவ்எம் ரிக்வெஸ்ட் த்ரெடட் ஐஆர்க்யூ. டிரிகர் கொடி எதையும் போடாமல் விட்டால் டிவைஸ் ட்ரீயில் உள்ளதைக் கெர்னலே எடுத்துக்கொள்ளும்.

எக்ஸ்பாண்டரை ஐ2சி வழியாகப் படிக்க வேண்டும், ஐ2சி தூங்கும் (பதில் வரும்வரை காத்திருக்கும்). ஹார்ட் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் தூங்கினால் 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்று கெர்னல் அலறும். ஆகவே முதல் ஹேண்ட்லரை நல் ஆக விட்டு, த்ரெட் ஹேண்ட்லரில் படிக்க வேண்டும். அப்போது ஒன்ஷாட் கொடி கட்டாயம். லெவல் இன்டரப்டில், த்ரெட் ஓடி ரிஜிஸ்டரைப் படித்து முடிக்கும்வரை கம்பியை அடைத்து வைப்பது அந்தக் கொடிதான். மறந்தால் கெர்னல் பெரும்பாலும் மைனஸ் 22 கொடுத்து மறுத்துவிடும், நல்லதுதான். 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் இரண்டு பைட் படிக்க ஏறத்தாழ அரை மில்லி விநாடி ஆகும். அவ்வளவு நேரம் கம்பி அடைந்திருப்பதில் நஷ்டமில்லை, லெவல் காத்திருக்கும்.

பிக் சென்சாருக்கு த்ரெட் தேவையில்லை. ஹார்ட் ஹேண்ட்லரிலேயே நேரத்தைக் குறித்து, எண்ணை ஒன்று கூட்டினால் முடிந்தது. தறி நிமிஷத்துக்கு 150 பிக் ஓடினால் இரண்டு பிக்குக்கு இடையே 400 மில்லி விநாடி. முந்தைய எட்ஜிலிருந்து 100 மில்லி விநாடிக்குள் வருவதை இரைச்சல் என்று தள்ளிவிடலாம். ரேப்பியர் தறி 400 ஓடுகிறது என்றால் இடைவெளி 150 மில்லி விநாடிதான். அங்கே வரம்பை 50 ஆக்குங்கள். இந்த எண்ணையும் டிவைஸ் ட்ரீயில் வைத்தால் குடோனுக்குக் குடோன் மாற்ற வசதி.

ஒரே கம்பியில் இரண்டு எக்ஸ்பாண்டர் என்றால் இன்ட் பின்கள் ஓபன் டிரெய்னாக (கீழே மட்டும் இழுக்கும், மேலே தள்ளாது) இருக்க வேண்டும். எம்சிபி23017 கரண்ட் வந்ததும் புஷ்-புல்லாகத்தான் எழும். ஓடிஆர் பிட்டை மாற்றாமல் இரண்டைச் சேர்த்தால் ஒன்று மேலே தள்ள, இன்னொன்று கீழே இழுக்க, சூடாகும். மென்பொருள் பக்கம் ஷேர்ட் கொடி வேண்டும். இரண்டு டிரைவரும் ஒரே டிரிகர், ஒரே ஒன்ஷாட் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் 'ஃப்ளாக்ஸ் மிஸ்மேட்ச்' என்று மைனஸ் 16 வரும். ஹேண்ட்லரில் 'என் சிப் இல்லை' என்று தெரிந்தால் ஐஆர்க்யூ நன் திருப்புங்கள். எப்போதும் ஹேண்டில்ட் என்றே திருப்புவது கெட்ட பழக்கம். ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் கவனிக்கவில்லை என்றால் கெர்னல் 'நோபடி கேர்ட்' என்று கத்தி அந்தக் கம்பியை மூடிவிடும்; அந்தப் பாதுகாப்பை நீங்கள் பொய் சொல்லிக் கெடுத்துவிட்டால் போர்டு அப்படியே உறைந்துபோகும்.

6. கரண்ட் போய் வரும்போது

நம் ஊரில் இதைத் தனிப் படியாகவே வைக்க வேண்டும். தறிக்காரர் ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஏனுங்க தம்பி, கரண்ட் வந்தா தறி ஓடுதுங்க, உங்க பெட்டிதான் ஓட மாட்டேங்குது."

நடப்பது இதுதான். கரண்ட் வந்ததும் டிரைவரின் ப்ரோப் (சிப்பைத் தயார்செய்யும் தொடக்கச் செயற்கூறு) ஓடுகிறது. சிப்பில் இன்டரப்டை இயக்கிவிட்டு, அடுத்து கெர்னலிடம் ஐஆர்க்யூ கேட்கிறது. அந்த இரண்டு வரிக்கு நடுவே எல்லாத் தறியும் ஒன்றாக உதறி எழுந்திருக்கும்; ஏதோ ஒரு உள்ளீடு மாறி இன்ட் பின் இறங்கிவிடும். ஃபாலிங் எட்ஜ் கேட்டிருந்தால் அந்த இறக்கம் ஏற்கெனவே போய்விட்டது, இனி வராது. மாட்யூலைக் கழற்றி மாட்டும்போதும், வாட்ச்டாக் போர்டை மட்டும் ரீபூட் செய்யும்போதும் இதே கதை. லெவல் லோ என்றால் கேட்ட அடுத்த நொடியே ஹேண்ட்லர் ஓடி ரிஜிஸ்டரைப் படித்துச் சரியாகிவிடும். எட்ஜைத்தான் வைக்க வேண்டிய சிப் என்றால், ஐஆர்க்யூ கேட்டு முடித்தபின் ஒருமுறை ஸ்டேட்டஸைப் படித்துத் துடைத்துவிடுங்கள்.

லெவலுக்கு இதன் மறுபக்கமும் உண்டு. ஐஆர்க்யூ கேட்கிற வரி முடிவதற்குள்ளேயே ஹேண்ட்லர் ஓடலாம். அதற்குள் உங்கள் ப்ரைவேட் டேட்டா, மியூடெக்ஸ், ஒர்க் க்யூ எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ப்ரோப்பில் ஐஆர்க்யூ கேட்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ரிமூவிலும் (டிரைவரைக் கழற்றும்போது ஓடும் செயற்கூறு) கவனம்: டெவ்எம் வகை ஐஆர்க்யூ ரிமூவ் முடிந்த பிறகுதான் விடுபடும். ஒர்க் க்யூவை நீங்கள் கையால் முன்னதாக அழித்துவிட்டால், நடுவில் வரும் ஒரு இன்டரப்ட் கெர்னலைக் கவிழ்த்துவிடும்.

7. சரிபார்ப்பது

ப்ராக் ஃபோல்டரில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து உங்கள் டிரைவர் பெயருள்ள வரியைப் பாருங்கள். எண்ணிக்கை ஏறுகிறதா, பக்கத்தில் எட்ஜ் என்று இருக்கிறதா, லெவல் என்றா? சில போர்டுகளில் அந்தச் சொல் அங்கே வராது. அப்போது சிஸ் ஃபோல்டரில் கெர்னல், ஐஆர்க்யூ, உங்கள் எண் என்று உள்ளே போனால் டைப் என்ற கோப்பு இருக்கும். ஃபாலிங்கா ரைசிங்கா என்றுகூடத் தெரிய வேண்டுமென்றால் டீபக்எஃப்எஸ்ஸில் ஐஆர்க்யூ பகுதியைத் திறக்க வேண்டும். அதற்குக் கெர்னலில் அந்த வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு ஒரு ஆர்டுயினோவை ஆப்டோவின் எல்இடிப் பக்கம் மாட்டி (24 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட் என்பதால் ரெசிஸ்டரை 470 ஓம் ஆக்கிவிட்டு) சரியாக 1,000 துடிப்பு அனுப்புங்கள். எண் 1,000 வர வேண்டும். 999-உம் தவறு, 1,001-உம் தவறு. அடுத்து எக்ஸ்பாண்டரின் இரண்டு உள்ளீடுகளை ஒரே நேரத்தில் மாற்றி மாற்றிக் கொடுத்து, அனலைசரில் இன்ட் பின் கீழேயே தங்கிவிடுகிறதா என்று பாருங்கள். அதன்பின் மெயின் சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து, ஒவ்வொரு முறையும் பெட்டி எழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குடோனில் முழு ஷிஃப்ட் ஒன்று ஓட விட்டு, தறியில் ஏற்கெனவே உள்ள மெக்கானிக்கல் மீட்டரோடு ஒப்பிடுங்கள். உங்கள் எண் கூடுதலாக வந்தால் இரைச்சல் ஏறுகிறது. கேபிளை ஷீல்டு போட்டதாக மாற்றி, மோட்டார் வயரிலிருந்து தள்ளி இழுத்து, அப்புறம்தான் மில்லி விநாடி வரம்பைத் தொடுங்கள். குறைவாக வந்தால் முதலில் சென்சாருக்கும் இரும்புத் துண்டுக்கும் உள்ள இடைவெளியை ஃபிட்டரைக் கூட்டி அளக்கச் சொல்லுங்கள். 4 மில்லி மீட்டர் சென்சாரை 5 மில்லி மீட்டர் தள்ளி மாட்டியிருந்தால் எந்த டிரிகர் வகையும் உதவாது.